சும்மா இருக்கப்போவதாகச் சொன்ன வருஷம்

சுவரில் மாட்டியிருந்த போன வருஷத்து 2025 கலண்டரை இன்றைக்குத்தான் கழற்றினேன். குதிரைக் கலண்டர்தான், மளிகைக்கடைத் தவுக்கே (சீன முதலாளி) கொடுப்பது. கட்டம் கட்டமாகக் கொட்டை எண்கள், மூலையில் சீனத் தேதி, பந்தய நாளுக்கு ஒரு குட்டிக் குதிரை, மிச்சமிருக்கும் விரற்கடை இடத்தில் நாம் எதையாவது கிறுக்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் கிறுக்குவது என் வீட்டுக்காரர். பழைய பேப்பரோடு கட்டிப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை புரட்டிப் பார்ப்போமே என்று உட்கார்ந்தவள், மத்தியானத்துக்கு உலை வைக்கவே மறந்துவிட்டேன். சாப்பாடு, கீழே கடையில் வாங்கிய ரொட்டி சானாய்.

ஜனவரி 14, பொங்கல் கட்டத்தில் எழுதியிருக்கிறார்: "இந்த வருஷம் சும்மா இருக்கணும்." கட்டத்துக்குள் அடங்காமல் 15, 16 வரைக்கும் ஓடுகிற அளவுக்குப் பெரிய எழுத்து. ஏன் அவ்வளவு பெரிசு என்பது அப்புறம் வரும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவர் பினாங்கு ஃபெரியில் 33 வருஷம் கயிறு கட்டினவர், 2005-ல் ஓய்வு. இப்போது வயது 75. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள், 71. கல்யாணமான புதிதில் கிண்டலுக்கு என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தவர் அதன்பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு அவர் ஃபெரித் தாத்தா. பினாங்கு ஜெலுத்தோங்கில் ஐந்தாவது மாடியில் இருக்கிறோம். பிள்ளைகள் மூவரும் வெளியூர். ஆகையால் சும்மா இருப்பதற்கு எங்களுக்கு எல்லா வசதியும் இருந்தது.

27 நாள் சும்மா இருந்தோம். பிப்ரவரி 10, தைப்பூசத்துக்கு முதல் நாள் ராத்திரி ரதம் பார்க்கப் போனோம். தேங்காய் விலை ஏறிக் கிடந்த நேரம் அது, சந்தையில் ஒரு தேங்காயை எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வந்த ஆட்கள் நாங்கள். ரோட்டிலே மலை மாதிரி குவித்து உடைக்கிறார்கள். ரதம் தாண்டியதும் இவர் இடுப்பில் சொருகி வைத்திருந்த கோணிப்பையை எடுத்து உதறினார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொருகியிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. அப்புறம் இரண்டு வாரம் சட்னி, துவையல், தேங்காய்ப் பால் சோறு, தேங்காய் மிட்டாய், கடைசியில் தேங்காய் போடாத எதைப் பார்த்தாலும் கும்பிடத் தோன்றியது.

மறுநாள்தான் உண்மையான வினை. தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படி. பினாங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இவருக்கு முட்டி வலி, கண்ணும் சரியில்லை, ஏறாதீங்க என்று எவ்வளவோ சொன்னேன். "எண்ணிக்கிட்டே ஏறினா வலி தெரியாது டீச்சர்" என்று போய்விட்டார். நான் அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தலில் ரோஸ் சிரப்புப் பால் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், பக்கத்துப் பந்தலில் போட்ட பாட்டுக்கு என் நெஞ்சுக்கூடே குதித்தது. மூன்று மணி நேரம் கழித்து வந்தார். திருநீறு இருக்கிறது, முகத்தில் பக்தி இல்லை. கணக்கில் காசு குறைந்த கிராணி மாதிரி நின்றார்.

"498."

"என்னங்க?"

"498 தான் இருக்கு. 15 படி குறையுது."

நடுவிலே பழைய கூட்டாளி ஒருவரைப் பார்த்துப் பேசினாராம். அங்கேதான் 15 போயிருக்கும் என்றேன். பேசினது நின்றுகொண்டு, ஏறிக்கொண்டு இல்லை என்றார். சரி, இறங்கும்போது எண்ணியிருக்கலாமே என்று கேட்டது என் தப்பு. அவர் திரும்பி மலையைப் பார்த்த பார்வையில், கையைப் பிடித்து இழுத்து மோரைக் குடிக்க வைத்துதான் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டியிருந்தது. கலண்டரில் "498!!" என்று இருக்கிறது. இரண்டு ஆச்சரியக்குறி. இப்படிப் போட்டால் நான் பிள்ளைகளுக்கு மார்க் குறைப்பேன்.

மார்ச்சில் மகள் போன் செய்தாள். மூத்த பையனுக்கு ஆறு வயது, இனி இல்லை என்று தொட்டில் துணியைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டவள், "அம்மா, செப்டம்பர்ல கொஞ்சம் ஃப்ரீயா இருப்பீங்களா" என்று கேட்டாள். அந்தக் கட்டத்தில் அவர் ஒன்றும் எழுதவில்லை, ஒரு வட்டம் மட்டும் போட்டிருக்கிறார்.

ஏப்ரல், மே கட்டங்களில் மருந்துச் சீட்டுத் தேதிகள்தான். ஜூனில் அவருக்குக் கண்புரை அறுவை. பென்சன்காரர் என்பதால் காசு செலவில்லை. கட்டை அவிழ்த்த அன்று வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முதலில் விட்டத்தில் ஒட்டடை இருக்கிறது என்றார். கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைச் சட்டை மஞ்சளாக இருக்கிறதே என்றார். அப்புறம் எழுந்து போய் என் அப்பா படத்துக்கு முன்னால் நின்று, "மாமாவுக்கு மீசை இருந்துச்சா?" என்றார். அந்தப் படத்துக்கு நேர் கீழே பத்து வருஷமாகச் சாப்பிடுகிற மனிதர். அடுத்து என் பக்கம் திரும்பினார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு கலண்டரைப் பாருங்கள், எழுத்து அப்படியே சுருங்கிவிடுகிறது. மே மாதம் வரைக்கும் ஒரு கட்டத்துக்கு ஒரு சொல், அதுவும் வேலி தாண்டி. ஜூலையிலிருந்து எறும்பு வரிசை மாதிரி மூன்று வரி, நான்கு வரி. எனக்குத்தான் இப்போது கண்ணாடி வேண்டியிருக்கிறது.

ஜூலையில் கடைக்குட்டி. 38 வயது. பெண் பார்க்கட்டுமா என்றால் வேலை இருக்கிறது என்பான், இப்போது அவனே பார்த்துவிட்டான், ஈப்போவில் சீனப் பெண், தங்கமான பெண். எங்களுக்கு ஒன்றும் மறுப்பில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து இவர் ஹொக்கியன் சீனம் பேசிப் பழகினார். ஃபெரியில் கற்ற ஹொக்கியன், நன்றாகவே பேசுவார், ஆனால் பாதி கெட்ட வார்த்தை. பக்கத்து வீட்டு ஆ சிம்தான் எதை எல்லாம் சொல்லக்கூடாது என்று வடிகட்டிக் கொடுத்தார். ஈப்போவில் போய் உட்கார்ந்து, நெஞ்சை நிமிர்த்தி, ஒரு நிமிஷத்துக்கு மூச்சுவிடாமல் பேசினார். சம்பந்தி வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈப்போவில் பேசுவது கண்டனீஸ் சீனம். கடைசியில் எல்லாரும் மலாயில் பேசி, நாசி லெமாக் சாப்பிட்டு, கல்யாணம் 2026-ல் என்று முடிவு செய்து வந்தோம். வரும் வழியெல்லாம், "அந்தம்மாவுக்குப் புரிஞ்சுது, காட்டிக்கல" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சாராக் காசு கதையைச் சொல்லாமல் விட்டால் ஆறாது. பதினெட்டு வயது தாண்டிய எல்லாருக்கும் 100 வெள்ளி (ரிங்கிட்), ஆகஸ்ட் 31 முதல் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, காட்டிச் சாமான் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் கொடுத்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து 200. நான் கோடு போட்ட தாளில் பட்டியல் எழுதிக்கொண்டு போனேன். அரிசி, எண்ணெய், மாவு, முட்டை, பிஸ்கட் டின். இவர் தள்ளுவண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். காசு கட்டும் இடத்தில் அந்த மலாய்ப் பிள்ளை எல்லாவற்றையும் அடித்துவிட்டு, பட்டியலில் இல்லாத ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தாள். ஒரு சுருள் நைலான் கயிறு. "பாக்சிக், இது அத்தியாவசியப் பொருள் இல்லை" என்கிறாள் அவள். "எனக்கு அத்தியாவசியம்" என்கிறார் இவர். பின்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள். கடைசியில் கயிற்றுக்கு மட்டும் சொந்தக் காசைக் கொடுத்தார். எதற்குங்க கயிறு என்று கேட்டேன். "வீடுன்னா ஒரு கயிறு இருக்கணும் டீச்சர்."

செப்டம்பர் 4-ஆம் தேதி நான் கோலாலம்பூருக்குப் போனேன். 6-ஆம் தேதி பேத்தி பிறந்தாள். 42 நாள் அங்கேயே இருந்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் வறுத்து இடித்துக் காயம் உருட்டுவதும், பூண்டுக் குழம்பு வைப்பதும், சம்பந்தியம்மாவோடு பனிப்போர் நடத்துவதுமாகப் பொழுது போனது. அவர் கிள்ளான்காரர். அவர் வழக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு நெத்திலிக் கருவாடு, என் வழக்கத்தில் பால்சுறாப் புட்டு, அவர் பாந்தாங் (ஆகாது) என்பது எனக்குப் பத்தியம், எனக்குப் பாந்தாங் என்பது அவருக்குப் பத்தியம். மகள் டாக்டரைக் கேட்டாள். எல்லாம் சாப்பிடலாம் என்றுவிட்டார். இரண்டு பேருக்கும் அந்த டாக்டரைப் பிடிக்கவில்லை, அதிலிருந்துதான் நாங்கள் ராசியானோம்.

இங்கே இவர் தனியாக. சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ அழைப்பு வரும், எடுத்தால் முகம் தெரியாது, புகைதான் தெரியும். அதற்குள்ளிருந்து, "கடுகு எப்போ போடணும்?" என்று குரல் வரும். கலண்டரில் அந்த நாட்களை இன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன்.

"அவ இல்லை 1. பிஸ்கட்."

"அவ இல்லை 2. பிஸ்கட்."

"அவ இல்லை 9. ரசம் வெச்சேன். தண்ணி."

"அவ இல்லை 14. சிவப்புத் துண்டு, வெள்ளை பனியன் சேர்த்துப் போட்டேன். பனியன் நல்லாத்தான் இருக்கு."

"அவ இல்லை 17. ஆ சிம் மீன் கொடுத்தாங்க. கண்ணு கலங்கிருச்சு. காரம்."

23-ஆம் நாள் அவர் கோலாலம்பூர் வந்தார். நான் சுறா கிடைக்கவில்லை என்று போனில் சொன்னதுதான் காரணம். விடியற்காலை சந்தைக்குப் போய்ப் பால்சுறா வாங்கி, பாலிஸ்டைரின் பெட்டியில் ஐஸ் போட்டு, அந்த நைலான் கயிற்றால் கட்டி, ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போய், அங்கிருந்து இடிஎஸ். நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ரயில், ஜன்னல் திறக்காது, ஏர்கான். தைப்பிங் தாண்டும்போது ஐஸ் உருக ஆரம்பித்திருக்கிறது. ஈப்போவில் இறங்கியவர்கள் எல்லாரும் ஈப்போவுக்குப் போகிறவர்கள்தானா என்று எனக்குச் சந்தேகம். கேட்டால், "நாத்தம் இல்ல, கடல் வாசம்" என்றார். பெட்டியைப் பிரிக்க முடியவில்லை, அப்படி ஒரு முடிச்சு, மருமகன் அரைமணி நேரம் போராடிவிட்டுக் கத்தரிக்கோல் கேட்டார். இவர் இரண்டு விரலால் ஒரு நுனியை இழுத்தார், மொத்தமும் அவிழ்ந்து விழுந்தது. அப்புறம் கை கழுவிவிட்டு வந்து பேத்தியை வாங்கிக்கொண்டார். கலண்டரில், "23. பாப்பா தும்முது. அவ இளைச்சிட்டா" என்று இருக்கிறது. அவ என்பது மகளா, நானா என்று கேட்கவேண்டும். நான் அந்த மாதம் இரண்டு கிலோ ஏறியிருந்தேன்.

செப்டம்பர் 30. பெட்ரோல் சலுகை. ஐசியைச் செருகினால் ரோன் 95 லிட்டருக்கு 1.99 வெள்ளி, அதற்கு முன்னால் 2.05. எங்களிடம் இருப்பது பழைய கான்சில் கார், அது கோயிலுக்கும் சந்தைக்கும் போகும், வேறெங்கும் போகச் சொன்னால் கோபித்துக்கொள்ளும். முதல் நாளே போய் 40 நிமிஷம் வரிசையில் நின்று 30 லிட்டர் ஊற்றியிருக்கிறார். மிச்சம் 1 வெள்ளி 80 காசு. அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட தே தாரிக் குடித்ததில் அதற்கு மேலேயே போய்விட்டது. ஆனால் அவர் கவலை வேறு. அப்போது ஒரு ஆளுக்கு மாதம் 300 லிட்டர் உரிமை. "டீச்சர், நான் ரெண்டு தடவை ஊத்தினா மாசம் ஓடிடும். மிச்சம் 240 லிட்டர் வீணாப் போகுதே" என்று ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன். குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தவள் நான், என்ன சொல்வது, ஓட்டுங்க என்றேன். மறுநாள் சும்மா பாலிக் பூலாவ் வரைக்கும் போய்வந்திருக்கிறார். கான்சில் மூன்று நாள் கிளம்பவில்லை.

"அவ இல்லை 42. வர்றா."

அக்டோபர் 20 தீபாவளி. நான் வந்து சேர்ந்தபோது பலகாரம் தயார். இவரும் ஆ சிம்மும் சேர்ந்து சுட்டிருந்தார்கள். அதிரசத்தைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. முறுக்கு, அச்சில் பிழியும்போது முறுக்காகத்தான் இருந்திருக்கும், பொரித்து எடுத்தது கப்பல் ஆணி. மகளுடைய ஆறு வயதுப் பிள்ளை, ஆடிக்கொண்டிருந்த முன்பல்லை யாரையும் தொடவிடாமல் ஒரு மாதமாகக் காப்பாற்றி வைத்திருந்தான். ஒரே கடி. பல் முறுக்கில் நின்றுவிட்டது. இவருக்கு அதில் பெருமை வேறு.

மூத்தவன் புதிதாக மின்சாரக் காடி (கார்) வாங்கியிருந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவேண்டியவர்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தார்கள். பெருநாள் நெரிசல், சார்ஜ் போட வரிசை, வரிசையில் நிற்கும்போதே இறங்கும் பேட்டரியைப் பார்த்துப் பார்த்து மருமகள் ஏர்கானை அடைத்துவிட்டாளாம், பிள்ளைகள் இரண்டும் வாடின கீரை மாதிரி இறங்கின. அதோடு விடவில்லை, வீட்டில் சார்ஜ் போடலாமா என்று மூத்தவன் கேட்டான். ஐந்தாவது மாடி. இவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் கயிற்றுச் சுருளை எடுத்து வந்து, ஜன்னல் வழியாகக் கீழே விட்டு, காடி வரைக்கும் எவ்வளவு ஒயர் வேண்டும் என்று அளந்தார். அளந்து முடித்து என்னைப் பார்த்தார். கயிறு அத்தியாவசியம் என்பதை நான் அப்போது ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒயர் போடவில்லை, கீழ்வீட்டுக்காரர் சத்தம் போட்டார்.

மொத்தம் பன்னிரண்டு பேர், ஒரு குளியலறை. எண்ணெய்க் குளியலுக்குச் சீட்டு கொடுத்து வரிசை வைத்தேன், பழைய பள்ளிக்கூடப் புத்தி. அந்த விடியலிலும் இவர் மருமகனைத் தனியாகக் கூப்பிட்டுக் குசுகுசுவென்று ஏதோ சொல்கிறார். மத்தியானம் மருமகன் வியர்த்து ஒழுக வந்து நிற்கிறார். தண்ணீர்மலைக்குப் போய்வந்தாராம்.

"எவ்வளவு?"

"506, மாமா."

"பார்த்தியா டீச்சர்" என்றார் இவர். எதைப் பார்க்கச் சொல்கிறார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நவம்பர் 30-ஆம் தேதி எங்களுக்குக் கல்யாணமாகி 50 வருஷம். 1975-லும் அது ஞாயிற்றுக்கிழமை, 2025-லும் ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலத்தில் பினாங்குப் பாலம் கிடையாது, அது 1985-ல்தான் வந்தது. கூலிம் கோயிலில் தாலி கட்டி, ஜோடித்த மோரிஸ் மைனரில் என்னை உட்கார வைத்து, பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறித்தான் தீவுக்குக் கூட்டிவந்தார். இவருடைய கூட்டாளிகள் கல்யாணக் காடியை வரிசையில் நிற்கவிடாமல் முதலில் ஏற்றிவிட்டார்கள். அந்த நன்றிக்கோ என்னவோ, கரை சேரும்போது ஒரு ஆள் குறைகிறது என்று பார்த்ததும் மாப்பிள்ளை கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலையை என் மடியில் போட்டுவிட்டு, கயிற்றை இழுக்கிறார். செருப்பில் ஒன்று கடலில் விழுந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடுதான் என் மாமியார் வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்துக்கொண்டார். என் அப்பா மீசைக்குள்ளேயே ஏதோ முனகினார். ஆமாம், மீசை இருந்தது.

இதை அப்படியே மறுபடி நடத்திக் காட்டுவது என்று பிள்ளைகள் ரகசியத் திட்டம் போட்டிருக்கிறார்கள். மூத்தவன் எங்கேயோ தேடிப் பிடித்து ஒரு மோரிஸ் மைனருக்கு முன்பணமும் கொடுத்துவிட்டான். பூவும் சுற்றியாகிவிட்டது. ஃபெரித் துறைக்கு வந்தபிறகுதான் தெரிகிறது, இப்போது ஓடும் ஃபெரியில் ஆளும் மோட்டாரும் சைக்கிளும்தான் ஏறலாம், காடி ஏறாது. 33 வருஷம் அதில் வேலை பார்த்த மனிதர் வீட்டிலேயே இருக்கிறார், அவரைக் கேட்டால் ரகசியம் உடைந்துவிடும் என்று யாரும் கேட்கவில்லை. சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். மோரிஸ் மைனர் வெயிலில் பூவோடு நிற்க, நாங்கள் பன்னிரண்டு பேரும் நடந்து ஏறினோம்.

பழைய ஃபெரிகளுக்கெல்லாம் தீவுகளின் பெயர், புலாவ் ரீமாவ், புலாவ் அங்சா, புலாவ் உண்டான் என்று. 2023-ல் வந்த இந்தப் புதுசு நான்குக்கும் தெலுக் என்று ஆரம்பிக்கும் விரிகுடாப் பெயர்கள். அதையும் ஒரு குறையாக எடுத்து வைத்தார். இருக்கை மெத்தென்று இருக்கிறதாம், ஃபெரியில் உட்கார்ந்தால் உட்கார்ந்த மாதிரி இருக்கக்கூடாதாம். கொஞ்ச நேரத்திலேயே பாதிக் கடல் போய்விட்டது. பேரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை எட்டி எட்டிப் பார்த்தான், என்னடா என்றால் தாத்தா செருப்பு தெரிகிறதா என்று தேடுகிறானாம். கரை நெருங்கியபோது இவரைக் காணோம். முன்பக்கம் போய், வேலை செய்யும் பையன்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். யாரிடமும் எதுவும் பேசவில்லை. நான் பக்கத்தில் போனபோது வாய்க்குள்ளேயே, "விடு, விடு, இன்னும் கொஞ்சம் விடு, ஆங், இப்ப" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் "இப்ப"வுக்குச் சரியாக ஃபெரி கரையைத் தொட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், குனிந்து தன் இரண்டு காலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

டிசம்பரில் எல்லாருக்கும் சளி. வேறு எதுவும் இல்லை.

புதுக் கலண்டரை மாட்டியாகிவிட்டது. ஜனவரி 14-ஐப் பார்த்தேன், ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தைத் தூக்கிப் பார்த்தால் பிப்ரவரி 1, தைப்பூசம், அந்தக் கட்டத்தின் அடியில் பொடி எழுத்தில் "மறு படி" என்று இருக்கிறது. சேர்த்து எழுதவேண்டும், பிரிக்கக்கூடாது என்று சொல்லலாம் என்று திரும்பினேன். மேசைமேல் ஒரு பொட்டலம் பிரித்துக் கிடந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் டிக் டிக்கென்று எண் ஏறுமே, பஸ் ஏறும் ஆட்களைக் கணக்கெடுப்பார்களே, அந்த எண்ணி. இரண்டு வாங்கியிருக்கிறார். ஒன்று எனக்காம்.